டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய ஆள் படங்கள்: விலை பேசுமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காரைக்குடிப் பக்கம் அப்பத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது ஒரு டிரங்குப் பெட்டி உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. அதில் அட்டையில் ஒட்டிய ஆள் படங்கள் 40 சொச்சம், பிரேம் போட்ட பெரிய படங்கள் நான்கைந்து, கையகல டப்பாவுக்குள் ஒரு கண்ணாடிப் படம். வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து 18,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, எந்தக் காலத்துப் படங்கள், அழுக்கை எப்படித் துடைப்பது என்று மூன்று கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். துடைக்காதீர்கள். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, ரப்பர், எதுவும் வேண்டாம். மேலே படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் ஓரத்தை நோக்கித் தட்டிவிடலாம், அவ்வளவுதான். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் கும்பகோணத்தில் ஒரு பிரேம் படம் வாங்கினேன். மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகி முன்கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை மெல்ல இழுத்தேன். நாற்காலி வந்தது, வேட்டியும் கைத்தடியும் வந்தன. முகம் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. இன்றும் அந்தக் கண்ணாடியைத் தனியாக வைத்திருக்கிறேன். உங்கள் பிரேம்களில் கண்ணாடியோடு ஈரத்திட்டு போல ஒட்டிய இடம் தெரிந்தால் கழற்றாதீர்கள், அப்படியே ஸ்கேன் எடுங்கள்.

அடுத்து அந்தக் கண்ணாடிப் படம். பெட்டியிலேயே வயதில் மூத்தது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839ல், பாரிஸில். டகேர் என்பவரின் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். அதன் அடையாளம் சுலபம்: கையில் எடுத்துச் சாய்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி உங்கள் முகமே தெரியும். இன்னொரு கோணத்தில் வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் மாறும். இது டகேரியோடைப். பிறகு 1851ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கொலோடியன் முறையைக் கொண்டுவந்தார். கண்ணாடியில் மங்கலான நெகடிவ் எடுத்து, பின்னால் கறுப்பு வார்னிஷ் பூசினாலோ கறுப்புத் துணி வைத்தாலோ அது நேர்ப்படமாகத் தெரியும். இதற்குப் பெயர் ஆம்ப்ரோடைப். நீங்கள் "பின்னால் கறுப்பு உரிந்து போயிருக்கிறது, அங்கங்கே ஓட்டை மாதிரி தெரிகிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுவாகத்தான் தோன்றுகிறது. உரிந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை மறைந்து படம் முழுசாகத் தெரிந்தால் முடிவு சரி. மிச்சம் இருக்கிற கறுப்பை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், படத்தில் பாதி அந்தக் கறுப்புதான். 1856ல் அமெரிக்காவில் வந்த டின்டைப்புக்கு இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். நம் ஊர்ப் பெட்டிகளில் அது அபூர்வம்.

இந்த மூன்று வகையிலும் நெகடிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. எடுத்த தகடேதான் படம். அதனால் ஒன்றுக்கு மேல் பிரதி இருக்காது, பெரும்பாலும் இடம் வலமாக மாறியும் இருக்கும். என்னிடம் உள்ள ஒரு ஆம்ப்ரோடைப்பில் ஒரு ஐயர் உட்கார்ந்திருக்கிறார், பூணூல் வலது தோளில். பார்த்தவர்கள் எல்லாம் "தெவசத்தன்றைக்கா போய்ப் படம் எடுத்துக்கொண்டார்?" என்று கேட்டார்கள். படம்தான் திரும்பியிருக்கிறது, அவர் பூணூல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெண்களின் முந்தானையை வைத்து இப்படி முடிவு கட்டக் கூடாது. ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலது தோளுக்குத்தான் போகும்.

சரி, அட்டைப் படங்களுக்கு வருவோம். உங்களிடம் உள்ளவை இரண்டு அளவில் இருக்கும். விசிட்டிங் கார்டு மாதிரி, ஏறக்குறைய 6.3க்கு 10 செ.மீ. அட்டையில் ஒட்டியது கார்ட்-டி-விசிட். 1854ல் பாரிஸில் திஸ்தெரி என்ற ஸ்டுடியோக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் பல படங்கள் எடுத்து வெட்டி ஒட்டியதால் விலை குறைந்தது, ஆட்கள் டஜன் கணக்கில் வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்தது கேபினட் கார்டு, 1860களின் நடுவில் வந்தது, 10.8க்கு 16.5 செ.மீ. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கிடைப்பது இதுதான்.

ஒரு பூதக்கண்ணாடி, முடிந்தால் நகைக்கடை லூப், எடுத்துக்கொண்டு முகத்தைப் பாருங்கள். காகிதத்தின் நார் நாராகத் தெரிகிறதா? நிறம் பழுப்பும் ஊதாவும் கலந்து, வெள்ளைப் பகுதி வெளிர் மஞ்சளாகியிருக்கிறதா? அது அல்புமென், முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம். மெல்லிய காகிதம், தனியாக விட்டால் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அட்டையில் ஒட்டினார்கள். நார் தெரியாமல் வழவழவென்று, கறுப்பு கறுப்பாகவே இருந்து, ஓரத்து இருட்டுப் பகுதியில் சாய்த்துப் பார்த்தால் நீலமும் வெள்ளியுமாக ஒரு மினுக்கம் தெரிந்தால் அது ஜெலட்டின் படம், பெரும்பாலும் 1890களுக்குப் பிற்பட்டது. அந்த மினுக்கம் படத்திலிருக்கும் வெள்ளி காற்றுப்பட்டு மேலே வந்ததால் வருவது. சில வியாபாரிகள் அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் நிம்மதிதான், நேற்று அச்சடித்த பிரதியில் அது வராது. லூப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புகைப்படமே இல்லை, பிரஸ்ஸில் அச்சடித்தது.

இப்போது திருப்புங்கள். அட்டையின் பின்பக்கம்தான் என் முக்கால்வாசி நேரத்தைத் தின்கிற இடம். ஸ்டுடியோ பெயர், ஊர், வாங்கிய மெடல்கள், எந்தக் கவர்னரின் ஆதரவு பெற்றது என்பதெல்லாம் அங்கே பூ வேலைப்பாட்டோடு அச்சாகியிருக்கும். கவர்னர் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வென்லாக் பிரபு என்றிருந்தால் அவர் சென்னைக்கு வந்த 1891க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆம்ப்டில் பிரபு 1900 முதல் 1906 வரை, பென்ட்லண்ட் பிரபு 1912 முதல் 1919 வரை. பழைய அட்டைகளைத் தீர்த்துவிடலாம் என்று கவர்னர் போன பிறகும் சில வருஷம் ஒட்டியிருப்பார்கள், அதனால் தொடக்க வருஷத்தை மட்டும் நம்புங்கள். சென்னையில் நிக்கலஸ் கம்பெனி, வீலே அண்ட் கிளைன் (பின்னாளில் கிளைன் அண்ட் பெயர்ல்) போன்ற பெயர்கள் வந்தால் அந்த அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பெட்டி என்பதால் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறேன். செட்டிநாட்டு வீட்டுப் படங்களில் பாதி, கடல் தாண்டி எடுத்தவையாக இருக்கும். ரங்கூனில் கிளியர், அகுஜா; சிங்கப்பூரில் ஜி.ஆர். லாம்பர்ட்; கொழும்பில் ஸ்கீன், பிளாட்டே. இவை எல்லாம் பெயர் பெற்ற ஸ்டுடியோக்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போன பையன் முதல் வருஷமே கோட்டு மாட்டி, பக்கத்தில் பூந்தொட்டி வைத்து ஒரு படம் எடுத்து ஊருக்குத் தபாலில் அனுப்புவான். பின்னால் "சௌக்கியம்" என்று இரண்டு வரி. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது அங்கே இருந்த நம் ஆட்கள் போட்டது போட்டபடி கிளம்பி வந்தார்கள், அங்கிருந்த ஆல்பங்கள் அங்கேயே போயின. முன்கூட்டியே தபாலில் ஊர் வந்து சேர்ந்தவைதான் மிச்சம். அதனால் ரங்கூன் முத்திரையும் கையெழுத்துமாக உள்ள ஒரு படம், முத்திரை இல்லாத பத்துப் படத்துக்குச் சமம் என்பேன்.

முத்திரை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் எத்தனை நாற்காலி வைத்திருக்கப் போகிறார்? ஒரே சிங்கக்கால் நாற்காலி, ஒரே மாடிப்படித் திரைச்சீலை, திரையின் வலது மூலையில் ஒரே கிழிசல். முத்திரை உள்ள ஒரு படத்தில் அதைப் பார்த்துவிட்டால், முத்திரை இல்லாத ஏழு படத்துக்கும் ஊர் தெரிந்துவிடும். ஒருமுறை மூன்று வெவ்வேறு குடும்பத்துப் படங்களில் ஒரே தகரக் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றிலும் மணி பத்து பத்து. முள் ஓடாத கடிகாரம்.

உடையையும் நகையையும் வைத்துக் காலம் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கிற அட்டவணைகள், அதாவது அட்டையின் மூலை சதுரமாக இருந்தால் இந்த வருஷம், தங்க ஓரம் இருந்தால் அந்த வருஷம் என்பவை, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பார்த்து எழுதியவை. இங்கே அட்டைகள் கப்பலில் வந்தன, தாமதமாக வந்தன, வந்த பிறகு நெடுநாள் புழங்கின. அதே மாதிரி தண்டட்டியும் பாம்படமும் போட்ட பாட்டி 1890ல் இருந்தார், 1950லும் இருந்தார். கிராப்பு, கைக்கடிகாரம், ரவிக்கைக் கையின் நீளம் இவை கொஞ்சம் உதவும். பிரேம் போட்ட படத்துக்குப் பின்னால் அட்டையோடு செய்தித்தாள் வைத்து ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் படியுங்கள். சுதேசமித்திரன் தினத்தாளாக வந்தது 1899 முதல், தேதி இருக்கும். பிரேம் போட்ட காலத்துக்கு அது நல்ல சாட்சி, படம் எடுத்த காலம் அதற்கு முந்தி இருக்கலாம்.

இனி விலை. எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வருஷம் பழசு?" விலையில் வயதுக்கு இருக்கிற பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 1880ல் எடுத்த, பெயர் தெரியாத, கோட்டுப் போட்ட ஒரு கனவானின் கேபினட் கார்டை நான் சில நூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். 1930ல் எடுத்த, நாகஸ்வரத்தோடு நிற்கும் ஒருவரின் படத்துக்கு, பின்னால் பெயரும் ஊரும் எழுதியிருந்ததால், அதைப்போல இருபது மடங்கு கொடுத்தேன். கொடுத்ததற்கு வருத்தமும் இல்லை.

யார், யார் எடுத்தது, எங்கே. இந்த மூன்றில் ஒன்றாவது உறுதியாகத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரனின் ஒரு டின்டைப் 2011ல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எடுத்தபோது அதன் விலை சில்லறைக் காசு, படமும் அப்படி ஒன்றும் அழகில்லை. ஆனால் அவன் கையிலிருந்து யாரிடம் போனது, அந்தக் குடும்பத்தில் எப்படி இறங்கி வந்தது என்பதற்கு வரலாறு இருந்தது. (அதுவும் இடவலம் மாறிய படம்தான். அதைப் பார்த்து அவன் இடக்கையன் என்று ஊர் முழுக்க நெடுநாள் நம்பியது.) இதற்கு நேர் எதிரான உதாரணம் இலங்கையில். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலப் புகைப்படக்காரர் 1875ல் அங்கே குடியேறி 1879ல் இறந்தார். அங்கே அவர் எடுத்ததில் எஞ்சியவை மிகக் கொஞ்சம். அவற்றில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்களின் பெயர் நமக்குத் தெரியாது, எடுத்தவர் பெயர் தெரியும், அதனால் அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாக்கின்றன.

நம் சந்தையில் தேவை இருப்பவை: வாத்தியத்தோடு இருப்பவர்கள், நாட்டியக்காரர்கள், நாடக நடிகர்கள், பயில்வான்கள், வேலைக் கருவியோடு நிற்பவர்கள், படித்துப் பட்டம் வாங்கிய அந்தக் காலப் பெண்கள். ஏன் என்றால், வசதி உள்ள ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்த படங்கள் மலை மாதிரி கிடக்கின்றன, மற்றவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்ததே குறைவு. படத்தின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டியவை, இறந்துபோன கணவரின் தலையை வேறொரு படத்திலிருந்து வெட்டி மனைவிக்குப் பக்கத்தில் ஒட்டியவை, இவற்றுக்கும் இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. லூப்பில் கழுத்துப் பட்டையருகே பார்த்தால் வெட்டின கோடு தெரியும். முன்பு இவற்றை "டச்சிங் பண்ணின படம்" என்று ஒதுக்கினார்கள்.

பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்துக் குடும்பம் சுற்றி நின்று எடுத்த படங்களும் உங்கள் பெட்டியில் இருக்கலாம், நம் ஊர் வழக்கம்தானே. நெற்றியில் காசு, வாய்க்கட்டு, மாலை என்று அடையாளம் வெளிப்படையாகவே இருக்கும். விறைப்பாக உட்கார்ந்த எல்லாரையும் பிணம் என்று சொல்லி விலை ஏற்றுகிற கூட்டம் ஒன்று உண்டு. காலுக்குப் பின்னால் ஒரு இரும்பு ஸ்டாண்டின் அடிப்பாகம் தெரிகிறது, அதில்தான் பிணத்தை நிறுத்தினார்கள் என்பார்கள். அது உயிரோடு இருப்பவர் தலை ஆடாமல் இருக்க வைத்த தாங்கி. படம் விழ நொடிக்கணக்கில் ஆன காலம் அது. அந்த ஸ்டாண்டு ஒரு பிணத்தின் பாரத்தைத் தாங்காது.

முகத்தில் கீறல், ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை, ஓரத்தை வெட்டி பிரேமுக்குள் திணித்தது, லேமினேட் செய்தது, இவை விலையைச் சாய்க்கும். லேமினேஷன் கிட்டத்தட்ட கொலை, அதை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் படத்தின் மேலேயே வைத்த சந்தனம் குங்குமத்தைக் குறை என்று நான் கருதுவதில்லை. அந்தப் படம் ஐம்பது வருஷம் சாமி மாதிரி இருந்ததற்கு அதுதான் அத்தாட்சி. கழுவப் போகாதீர்கள்.

நீங்கள் வாங்குகிற பக்கத்துக்கும் வந்துவிடுவீர்கள் என்று தோன்றுகிறது, அதனால் போலியைப் பற்றி இரண்டு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலோ புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ பழைய தேக்குப் பிரேம் உண்மையாகவே பழசாக இருக்கும், உள்ளே இருக்கிற படம் போன வருஷம் ஸ்கேன் செய்து அச்சடித்ததாக இருக்கலாம். ரூபாய் நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். 1950களின் நடுவிலிருந்து காகிதத்தில் வெளுப்பூட்டி கலக்கிறார்கள், அந்த ஒளியில் நீலவெள்ளையாகப் பளிச்சென்று எரியும். பழைய காகிதம் மந்தமாகவே இருக்கும். மங்கலாக இருந்தால் பழசுதான் என்று அர்த்தமில்லை, ஆனால் எரிந்தால் 1900 என்று சொல்கிற கதை முடிந்தது.

வெளிநாட்டுக்காரர் யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரும், அதைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. படத்துக்கு அது பொருந்துமா என்ற வாதத்தை கஸ்டம்ஸ் கவுண்டரில் நின்று செய்ய வேண்டாம், தொல்லியல் துறையில் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வைத்திருப்பது பெரிய செலவில்லை. ஒட்டுகிற பக்கம் உள்ள ஆல்பங்களும் மணக்கிற பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம், அவை விடுகிற ஆவி படத்தைத் தின்னும். அமிலமில்லாத காகித உறை, அல்லது பாலியெஸ்டர் உறை, ஒன்றுக்கு ஒன்று. அந்துருண்டை போடாதீர்கள். பரணும் வேண்டாம், சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் வரி விழும். ஸ்கேன் 600 டிபிஐயில், இரண்டு பக்கமும்.

இப்போது அந்த 18,000. மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வியாபாரி உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, மொத்த விலை என்பது எப்போதுமே பெட்டியில் இருக்கிற இரண்டு மூன்று நல்ல உருப்படிக்கான விலைதான், மற்றவை இனாம். அந்தக் கண்ணாடிப் படம் அதில் ஒன்று, அது நிச்சயம். அதை அதன் டப்பாவோடு சேர்த்தே வையுங்கள், டப்பாவும் படமும் பிரிந்தால் இரண்டுக்கும் நட்டம். கையெழுத்தோ கடல்கடந்த முத்திரையோ உள்ளவற்றைத் தனியாக எடுங்கள். மிச்சத்தில் ஒரே ஆளின் படம் மூன்று நான்கு இருந்தால் ஒன்றை விற்கலாம். விற்குமுன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்கள் வீட்டுப் பெண்ணின் படம் நாளைக்கு ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் தொங்கினால் பேச்சு உங்களைத்தான் வரும். விற்க மனமில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை என்றால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களை ஸ்கேன் செய்து ஆவணப்படுத்தும் வேலையைச் செய்திருக்கிறது, அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

வியாபாரிக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் கேளுங்கள். தேவகோட்டையில் 88 வயதில் ஒரு அத்தை இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த மாதத்தில் அங்கே போய் வாருங்கள். படங்களைக் கொண்டுபோக வேண்டாம், பிரிண்ட் போட்டுப் பெரிதாக எடுத்துப் போங்கள், போனில் பதிவை ஆன் செய்துவிட்டு உட்காருங்கள். "இது யார் அத்தை?" என்று கேட்டால் "யாரோ, ஞாபகமில்லையே" என்றுதான் முதலில் வரும், இருபது வீட்டிலாவது இதைக் கேட்டிருக்கிறேன். படத்தில் கழுத்தில் தெரிகிற கல்யாண நகையைக் காட்டி, "இந்தக் கழுத்துருவை யாருக்குக் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள்.